கை நனைக்க மாட்டேன் என்றேன்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். கிருமிக்கா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். முனையில் நிற்கிற ஆட்டோக்காரரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். அவர் பிடித்த கையைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள் என்று நான் சொல்வேன். அதனால்தான் அந்தப் பெயர்.

வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். எனக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ஒரு மாவுக்காரிக்கு இதைவிடப் பெரிய விளம்பரத்தை யார் செய்து கொடுப்பார்கள்? மாவு வாங்க வருகிறவர்களின் பாத்திரத்தை முதலில் முகர்ந்து பார்ப்பேன். நேற்று வைத்த சாம்பாரின் வாசம் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். "தேச்சு எடுத்துக்கினு வாம்மா, மாவு எங்கயும் ஓடிடாது." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போவார்கள். அந்த மாவு மறுநாளே புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிந்த பிறகு, பாத்திரத்தைப் பளபளவென்று துலக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முகர்ந்து மட்டும் பார்ப்பேன்.

வீட்டுக்கு வெளியேதான் எனக்கு ஓயாத சண்டை. டீக்கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வாளித் தண்ணீரில் கிளாஸ்களை முக்கி முக்கி எடுப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரியாணிக் கடையில் பிளாஸ்டிக் பையைத் திறப்பதற்கு வாயால் ஊதுவார்கள். "தம்பி, பிரியாணி மட்டும் போதும், உன் மூச்சு எனக்கு வேணாம்" என்பேன். பாரிமுனை போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர் விரலை நாக்கில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். நான் வாங்கவில்லை. ஒரு ஈரப் பஞ்சு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "யக்கா, உன் ஒருத்திக்கோசரம் பன்னீர்ல தொட்டுக் கிழிக்கச் சொல்றியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும். கொஞ்ச நாள் கழித்து அதே பஸ்ஸில் ஏறினேன். அவர் என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, பஞ்சில் விரலைத் தொட்டு, கோயிலில் விபூதி கொடுப்பதுபோல ஒரு டிக்கெட்டைக் கொடுத்தார். அன்றைக்கு நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. சந்தோஷத்தில் ஒரு ஸ்டாப்பிங் தள்ளிப் போய்விட்டேன்.

கொரோனா வந்தபோது ஊரே கிருமிக்கா ஆகிவிட்டது. என்னைக் கேலி செய்தவர்களெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று காய்கறியை எதில் கழுவுவது, கதவுப் பிடியை எதால் துடைப்பது என்று பாடம் கேட்டார்கள். அப்புறம் நோய் போயிற்று, பாடமும் போயிற்று. டீக்கடை வாளி திரும்ப வந்துவிட்டது. என்னிடம் மட்டும் கைப்பையில் ஒரு சானிடைசர் பாட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இப்படி இருக்கிறவள் வெளியில் வாய் நனைப்பாளா? மாட்டேன். கல்யாண வீடுகளுக்குப் போனால் மொய்யை வைத்து, மணமக்களை வாழ்த்திவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிடுவேன். சொந்தக்காரர்கள் பழகிவிட்டார்கள். இது என் மகளின் கல்யாணத்துக்கே உலை வைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மகள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கே கன்டெய்னர் இறக்குகிற கிரேனை ஓட்டும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பையன் எண்ணூர் முகத்துவாரக்குப்பம். அப்பா இல்லை. அம்மா விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்கிறவர். மகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் பையனின் போட்டோவை வாங்கி, பெரிதாக்கி, முதலில் நகத்தைப் பார்த்தேன். ஒட்ட வெட்டியிருந்தான். எனக்குப் பிடித்துவிட்டது. என் கணவருக்கு எனக்குப் பிடித்தால் பிடிக்கும்.

பிடிக்காதவர் என் அண்ணன். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் சம்மதிக்காமல் எங்கள் வீட்டில் ஒரு பந்தக்கால் கூட ஊன்ற முடியாது.

"மீன் நாத்தம் வூட்டுக்குள்ள வரும். பரவால்லியா உனக்கு? நீ கிருமிக்கா ஆச்சே" என்றார்.

வஞ்சிர வறுவல் என்றால் நாலு துண்டு கேட்டு வாங்கித் தின்கிற மனுஷன். மீன் வேண்டும், மீன்காரர் வேண்டாம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு கண்டிஷன் போட்டார். எங்கள் வழக்கத்தில், சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் கை நனைப்பது என்று ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் கையைக் கழுவி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டால், இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

"நான் தடுக்கல. நீ பெத்தவ. அந்த வூட்ல நீ கை நனைச்சீன்னா, நானும் பின்னாலயே வந்து நனைக்கிறேன். நீ நனைக்கலன்னா எழுந்து வந்துடணும். அதுக்கு மேல இந்தப் பேச்சு கூடாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. கல்யாண வீட்டில் கூட ஒரு வாய் தண்ணீர் குடிக்காத தங்கச்சி, குப்பத்தில் ஒரு மீன்காரம்மா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறாளா? வேண்டாம் என்கிற பழியை அவர் சுமக்க வேண்டியதே இல்லை. என் சுத்தத்தை எடுத்து என் மகள் கழுத்திலேயே கத்தியாக வைத்துவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் மகள் என் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே அழுதாள். "அம்மா, நாற்காலியத் தொடைக்காத. தண்ணி எங்க புடிக்கிறீங்கன்னு கேக்காத. இன்னா குடுத்தாலும் சாப்டும்மா. ஒரு நாள், எனக்கோசரம்" என்றாள். "துன்னுட்டு வர்றேன், அழாத" என்றேன். அந்த நிமிஷம் நான் எதையும் சாப்பிடத் தயாராக இருந்தேன். சத்தியமாக.

நான், கணவர், அண்ணன் மூன்று பேர் ஒரு ஆட்டோவில் போனோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடின. அண்ணன் வழியெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆலைகளின் புகைக்குப் பிடித்தாரா, இன்னும் வராத மீன் வாடைக்குப் பிடித்தாரா தெரியவில்லை. குப்பத்துக்குள் திரும்புவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல், கைப்பைக்குள்ளேயே பாட்டிலை அமுக்கி இரண்டு கைக்கும் தடவிக்கொண்டேன். மகளுக்குக் கொடுத்த வாக்கில் அது சேராது. அங்கே போய்த்தானே கூடாது என்றாள்?

வீடு முகத்துவாரத்துக்குப் போகிற மணல் சந்தில் கடைசி. வாசலில் பையனின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கடலுக்குப் போகிற மனுஷன், குரல் பெரிசு. அவருக்கும் எங்கள் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை என்பது பார்வையிலேயே தெரிந்தது. ரயில்வேக்காரர் வீட்டுச் சம்பந்தம் தன் குப்பத்தை இளப்பமாகப் பார்க்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம். ஆக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள், ஒரு சொல் தவறாதா என்று காத்திருந்தார்கள்.

உள்ளே உட்கார்ந்தோம். நாற்காலியைத் துடைக்கவில்லை. பையன் வந்து கும்பிட்டான். பையனின் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, "வாங்க, வாங்க, குழம்பு எறக்கினு வந்துர்றேன்" என்றாள். ஒல்லியான உடம்பு, நரைத்த தலையை இழுத்துக் கட்டிய கொண்டை. கணவர் பையனின் வேலையைப் பற்றிக் கேட்டார். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு வாசல் பக்கம் முகம் இருந்ததுதான் வினையாகப் போயிற்று. அங்கே நீல நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் டிரம்கள். லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள். பெரியப்பா வெளியே போய், ஒரு டிரம்மின் மூடியைத் தூக்கி, முழங்கை வரை உள்ளே விட்டு மக்கில் மொண்டு காலில் ஊற்றிக்கொண்டார். மக் உள்ளே விழுந்துவிட்டது போலிருக்கிறது. திரும்பவும் கையை விட்டுத் துழாவினார். அந்தத் தண்ணீரிலா? அந்தத் தண்ணீரிலா என் கையை விடப்போகிறேன்? என் புத்தி முழுவதும் அந்த டிரம்முக்குள் மிதந்துகொண்டிருந்தது. யார் என்ன பேசினார்கள் என்று காதில் ஏறவில்லை.

அப்போதுதான் பையனின் அம்மா பாய் விரித்து, இலைகளைப் போட்டுவிட்டு, கையில் ஒரு மக்கோடு என் முன்னால் வந்து நின்றாள். "எழுந்துருங்க, கை நனைக்கலாம்" என்றாள்.

"வேணாம்மா. நான் கை நனைக்க மாட்டேன்" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர்கள் பக்கம் திரும்பினேன். பையன் முகம் வெளுத்துவிட்டது. என் கணவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் விளக்கு எரிந்தது. அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"அப்பால இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தீங்கோ?" என்றார் பெரியப்பா. "கை நனைக்க மாட்டேன்னு சொல்றதுக்கா? இத்த போன்லயே சொல்லிருக்கலாமே. இலையெல்லாம் எடுத்துருமா."

பதறிப்போய்க் கைப்பையைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்துக் காட்டினேன். "ஐயோ, நான் அத்தச் சொல்லலீங்க. என் கை சுத்தமா கீது. இத்தப் போட்டுக்கினேன். அதான் தண்ணி வேணாம்னேன்" என்றேன். சமாளித்துவிட்டதாக ஒரு வினாடி நினைத்தேன்.

பெரியப்பா அந்தப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு தன் டிரம்மைப் பார்த்தார். "அப்போ எங்க தண்ணி கலீஜ்னு சொல்றே" என்றார்.

கலீஜ். அந்த ஒரு சொல் விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், திட்டு வாங்கியவர் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். கலீஜ் என்று மட்டும் சொல்லக் கூடாது. அதுவும் அந்தக் குப்பத்தில். யார் யாரோ கொண்டுவந்து கொட்டியதெல்லாம் அவர்கள் ஆற்றில் மிதக்கிறது, ஆலைச் சாம்பல் அவர்கள் கொடியில் காயும் துணியில் விழுகிறது, கடைசியில் அழுக்கு என்கிற பெயரை மட்டும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறேன் நான். என் மகள் காலையில் அழுத அழுகை காதில் கேட்டது.

பையனின் அம்மா என் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். வீசி எறியப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இத்தப் போட்டா கிருமி சாவுமா?" என்றாள்.

"சாவும்" என்றேன்.

"செத்த கிருமி எங்க போவும்?"

நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அங்கயேதானே கீது? ஆட்டோ அழுக்கு, லாரிப் புழுதி, எல்லாம் அங்கயேதானே கீது? பொணத்தோட சேத்துத் துன்னுவியா நீ?" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "தோ பாரு, சம்பந்தம் ஆவுது, ஆவாம போவுது, அது வேற. எஞ்சோத்துல கை கழுவாம எவனும் கை வெச்சது கெடையாது. என் புள்ளயக் கேளு. கட்டிக்கினவன் இருந்தப்ப, கடல்லேந்து பசியோட வந்தாலும் மொதல்ல சோப்புதான், அப்பால்தான் சோறு. நீ இன்னாடான்னா தைலத்தத் தடவிக்கினு வந்து குந்துறே!"

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோபத்தில் சம்பந்தம் இல்லை, மரியாதை இல்லை, குப்பமும் இல்லை. என் கையைப் பற்றி மட்டும்தான் கோபம். என் வாழ்நாளில் என் கை சுத்தமில்லை என்று ஒருவர் கூடச் சொன்னதில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் டிரம்முல உங்க பெரியவரு முழங்கை வரைக்கும் வுட்டுத் துழாவினாரே, நான் என் கண்ணால பாத்தேன். அந்தத் தண்ணில கழுவறதுக்குத் தைலமே மேலு" என்றேன்.

அவள் சட்டென்று பெரியப்பா பக்கம் திரும்பினாள். "மாமா, நீ டிரம்முல கைய வுட்டியா?"

அவ்வளவு பெரிய குரல் உள்ள மனுஷன் தொண்டையைச் செருமினார். "கால் கழுவுற டிரம்முதானே…" என்றார்.

"காலுக்குன்னா? மக்குல கயிறு கட்டி எதுக்கு வெச்சுக்கினு கீறேன்? எத்தினி தபா சொல்லிக்கீறேன்?" அவரை அங்கேயே விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரண்டாவது டிரம்மைக் காட்டினாள். அதன் அடியில் துளை போட்டு ஒரு குழாய் பொருத்தியிருந்தது. மூடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. யாரும் உள்ளே கை விடவே முடியாது. "இது கைக்கு. குடிக்கிறது உள்ள, காச்சி வெச்சுக்கீறேன். கையில மக்கு எதுக்குத் தெரியுமா? கொழா மெதுவாத்தான் ஊத்தும். புடிச்சு ஊத்தணும், அதுக்கு" என்றாள்.

நான் குனிந்து குழாயைப் பார்த்தேன். வாயில் பாசி இல்லை. கீழே தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தது. சோப்பு குழைந்து போகாமல் இருக்கத் தேங்காய் நாரின் மேல் வைத்திருந்தாள். நான் நிமிர்ந்தேன். பக்கத்து ஆணியில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே துண்டு. நடுவில் ஈரமாக, விரல் தடங்களோடு.

விடுவேனா?

"இது இன்னா?" என்றேன்.

"கை தொடைக்க."

"யாரு கை?"

அவள் துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எல்லார் கையும்" என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி.

"இவ்ளோ பாடுபட்டுக் கழுவிட்டு, எல்லாரும் தொடைச்ச துண்டுலயா தொடைப்பே? பொணம்னியே, அது மொத்தமும் இந்தத் துண்டுலதான் கீது."

அவள் ஆணியிலிருந்து துண்டைப் பிடுங்கிப் பையன் மேல் எறிந்தாள். "இத்தக் கொண்டுபோய் ஊற வைடா. இனிமே இந்த வூட்ல கைய ஒதறிக் காய வெக்கறதுதான்." பையன் மார்பில் வந்து விழுந்த ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றான்.

நானும் அவளும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. திடீரென்று இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாரு" என்றாள்.

"எதுக்கு?"

"பாரு. பஸ்ல நான் ஏறினா மூக்கப் புடிச்சுக்கறாங்கோ. பக்கத்துல எடம் இருந்தாலும் குந்த மாட்டாங்கோ. கூடை இல்லாத நாள்ல கூட. உங்க அண்ணன் உள்ள வரும்போதே மூக்கப் புடிச்சுக்கினுதான் வந்தாரு, நான் பாத்தேன். நான் மார்க்கெட்லேந்து வந்ததும் உப்பும் புளியும் போட்டுத் தேய்ப்பேன், அப்பால சோப்பு, அப்பால திரும்பவும் புளி. மோந்து பாத்துட்டு நீயே சொல்லு."

நான் முகர்ந்து பார்த்தேன். சோப்பு. அதற்கு அடியில் லேசாகப் புளி. வேறு ஒன்றுமே இல்லை. பாத்திரங்களை முகர்ந்து பழகிய மூக்கு என்னுடையது, அதை ஏமாற்ற முடியாது. விரல் நுனிகள் தேய்ந்து வெளுத்திருந்தன. என் விரல்களும் அப்படித்தான் இருக்கின்றன.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் நான் கொண்டுபோன அதிரசத்தை ஒருத்தி வாங்கி, நான் எந்தப் பக்கம், எந்தச் சாதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என் கண் முன்னாலேயே ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையைத் தேய்க்கத் தொடங்கியவள்தான் நான். என்ன தேய்த்தாலும் போகாத ஒன்றை அவர்கள் நம் மேல் பூசிவிட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அழுக்கு நம்மிடம் இல்லை என்று தெரிந்த பிறகும் தேய்ப்பதை விடவில்லை. இப்போது பிடிவாதத்துக்குத் தேய்க்கிறேன். அதையெல்லாம் வாசலில் நின்று அவளிடம் சொன்னேன், என் கணவரிடம் கூட இவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை. கேட்டு முடித்ததும் அவள் குழாயைத் திறந்து மக்கில் தண்ணீர் பிடித்தாள்.

"கைய நீட்டு, அண்ணி" என்றாள்.

அண்ணி என்றாள். சம்பந்தி வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி. நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் தண்ணீரை ஊற்றினாள். சோப்பைப் போட்டு விரல் இடுக்கு, கட்டை விரல், நகக் கண், மணிக்கட்டு என்று தேய்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்று, "பொறங்கையி" என்றாள். "தெரியும்" என்றேன். தண்ணீர் நல்ல குளிர்ச்சியாக இருந்தது.

என் கணவர் கேட்காமலேயே வரிசையில் வந்து நின்றார். பெரியப்பாவும் வந்தார். "தொண்டத் தண்ணி வத்திப்போச்சு, சண்ட முடிஞ்சுதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார். அவள் அவருக்கு மட்டும் இரண்டு முறை சோப்பு போட்டாள். பையனுக்கு உயிர் திரும்பி வந்து, இலைகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனான்.

அண்ணன் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலி ஓரமாக நின்றிருந்தார்.

"அண்ணா" என்று கூப்பிட்டேன். "நான் நனைச்சுட்டேன்."

அவர் என் கையைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கத் துண்டு கிடையாதே. கொடுத்த வாக்கை எல்லோர் முன்னாலும் விழுங்க அவரால் முடியாது. என் அண்ணனுக்கு எத்தனையோ கோணல் உண்டு, சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கும் பழக்கம் மட்டும் இல்லை. செருப்பைக் கழற்றினார். மெதுவாக வந்தார். குழாயடியில் மூன்று விரல் நுனியை மட்டும் நீட்டி, நான் ஊற்றிய தண்ணீரில் பட்டும் படாமலும் காட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"முழங்கை வரைக்கும்!" என்றோம் நானும் அவளும்.

ஒரே நேரத்தில், ஒரே குரலில். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியப்பா வெடித்துச் சிரித்துவிட்டார். அடுத்த வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அத்தனை பேரை வேலை வாங்குகிற என் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கை வரை நீட்டினார். நான் ஊற்றினேன், அவள் சோப்பு போட்டாள்.

பாயில் உட்கார்ந்தோம். சங்கரா குழம்பு, இறால் தொக்கு, வஞ்சிர வறுவல். வெளியில் வாய் நனைக்காத நான், குழம்பை மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். சொல்லக் கூடாது, என் குழம்பைவிட நன்றாக இருந்தது. அண்ணன் முதலில் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். பிறகு வறுவல் தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று அவர் கண் போக ஆரம்பித்தது. பையனின் அம்மா கேட்காமலேயே நாலு துண்டை அவர் இலையில் வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மூக்கில் கை போகவே இல்லை.

என் கைப்பைக்குள் போன் அடித்தது. மகள்தான். வேறு யார் இந்த நேரத்தில் இப்படி விடாமல் அடிப்பார்கள்? நான் குழம்புக் கையோடு இருந்தேன், என் கணவர் இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். "அம்மா கிட்ட குடுப்பா" என்று அவள் கத்துவது எனக்கே கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். "பேசணுமாம். இன்னா சொல்லட்டும்?" என்றார்.

"அப்பால பேசறேன்னு சொல்லு" என்றேன். "அம்மாவுக்குக் கை ஈரமா கீதுன்னு சொல்லு."